பெப்டைட் க்ரீம் சரி... பெப்டைட் ஊசி? ஒரே பெயரில் விற்கப்படும் இரண்டு விஷயங்கள்!

முகத்துக்குப் போடும் சீரம் பாட்டிலில் 'பெப்டைட்' என்று இருக்கிறது. வெல்னஸ் கிளினிக்கில் 'இம்யூனிட்டி ஷாட்' என்று சொல்லிப் போடும் ஊசியிலும் 'பெப்டைட்' இருக்கிறது. தண்ணீரில் கலந்து குடிக்கும் கொலாஜன் பவுடர் டப்பாவிலும் அதே வார்த்தைதான். ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே போனால் சுருக்கம் போக, முடி வளர, சளி பிடிக்காமல் இருக்க, ஜிம்மில் பட்ட காயம் ஆற என எல்லாவற்றுக்கும் ஒரே பதில் சொல்கிறார்கள்: பெப்டைட்.

இதைப் பார்க்கும் பலருக்கும் இயல்பாக ஒரு எண்ணம் வரும். 'பெப்டைட் சீரம்தான் ரெண்டு வருஷமா போடுறேனே, ஒண்ணும் ஆகலையே. அதையே ஊசியா போட்டா இன்னும் சீக்கிரம் வேலை செய்யும்ல?' விற்பவர்கள் எதிர்பார்ப்பதும் இந்த எண்ணத்தைத்தான். க்ரீம் சம்பாதித்து வைத்த நல்ல பெயரை ஊசிக்குக் கடன் கொடுக்கும் கணக்கு இது. அந்தக் கணக்கு எங்கே உதைக்கிறது என்று பார்ப்போம்.

பெப்டைட் என்றால் என்ன?

புரதம் தெரியும். அமினோ அமிலங்கள் என்ற சின்னச் சின்ன மூலக்கூறுகள் மணி கோத்த மாதிரி நீளமாகக் கோத்திருந்தால் அது புரதம். அதே மாலை குட்டையாக இருந்தால் பெப்டைட். எத்தனை மணி வரைக்கும் பெப்டைட், எங்கிருந்து புரதம் என்பதற்கு உலகம் முழுக்க ஒரே கோடு கிடையாது. தோராயமாக 50 வரை பெப்டைட் என்று பாடப் புத்தகங்கள் சொல்லும். அமெரிக்காவின் எஃப்டிஏ 40-க்கு மேல் போனாலே புரதம் என்கிறது.

பெயரின் வரலாறு சுவாரசியமானது. 'செரிக்கப்பட்டது' என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது இது. புரதம் வயிற்றில் செரிக்கும்போது உடைந்து வரும் துண்டுகள் என்பதால் இந்தப் பெயர். பெரும்பாலான பெப்டைட்களை மாத்திரையாகக் கொடுக்க முடியாமல் ஊசியாகக் கொடுப்பதற்கும் அந்தச் செரிமானம்தான் காரணம். பெயரிலேயே விடை இருக்கிறது.

பெப்டைட் புதுசும் இல்லை. 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயது சிறுவனுக்கு முதன்முதலாகப் போடப்பட்ட இன்சுலின், 51 அமினோ அமிலங்கள் கொண்டது. பிரசவ வார்டில் வலி வரவைக்கக் கொடுக்கும் ஆக்சிடோசின் வெறும் 9 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைட். இன்று உடல் எடை குறைக்கப் பெரிதாகப் பேசப்படும் செமாக்ளுடைட், டிர்செப்படைட் இரண்டும் பெப்டைட்கள்தான். ஆகவே 'பெப்டைட் நல்லதா, கெட்டதா' என்று கேட்பது, 'மாத்திரை நல்லதா, கெட்டதா' என்று கேட்பது போல. எந்த பெப்டைட், எந்த வழியாக உள்ளே போகிறது, யார் தயாரித்தது என்பதைத்தான் கேட்க வேண்டும்.

முகத்தில் போடும் பெப்டைட் என்ன செய்கிறது?

சீரம், க்ரீம் பாட்டில்களின் பின்பக்கத்தில் அடிக்கடி வரும் பெயர்கள் மூன்று.

முதலாவது பால்மிட்டோயில் பென்டாபெப்டைட்-4. கடைப் பெயர் மேட்ரிக்ஸில். தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் உடையும்போது வரும் ஒரு துண்டைப் போலவே இதை வடிவமைத்திருக்கிறார்கள். 'கொலாஜன் உடைஞ்சிடுச்சு, புதுசா தயாரி' என்று தோல் செல்களுக்குப் பொய்யாக ஒரு தகவல் அனுப்புவதுதான் ஐடியா.

இரண்டாவது அசிடைல் ஹெக்ஸாபெப்டைட்-8. ஆர்ஜிரெலின் என்று விற்கிறது. 'ஊசி இல்லாத போட்டாக்ஸ்' என்று இதைத்தான் விளம்பரம் செய்கிறார்கள். நரம்பிலிருந்து தசைக்குச் சுருங்கச் சொல்லிப் போகும் சிக்னலில் ஸ்னாப்-25 என்ற புரதத்துக்குப் பங்கு உண்டு. போட்டாக்ஸ் அந்தப் புரதத்தை நேரடியாக வெட்டிவிடும். ஆர்ஜிரெலின் அந்தப் புரதத்தின் ஒரு முனையைப் போல வேஷம் போட்டுப் போட்டியிடும். ஆனால் போட்டாக்ஸ் ஊசி மூலம் தசைக்கே போகிறது. இது தோலின் மேலே தடவப்படுகிறது. இரண்டையும் ஒப்பிடுவது கொஞ்சம் ஓவர்தான்.

மூன்றாவது காப்பர் டிரைபெப்டைட்-1. வெறும் 3 அமினோ அமிலங்கள், கூடவே ஒரு தாமிர அணு. ஆய்வாளர்கள் இதை ஜிஎச்கே-சியு என்பார்கள். மனித ரத்தத்தில் இயற்கையாகவே இருக்கும் ஜிஎச்கே-வை 1973-ல் அடையாளம் கண்டவர் லோரன் பிக்கார்ட். சீரம் நீல நிறத்தில் இருந்தால் பெரும்பாலும் இந்தத் தாமிரம்தான் காரணம். இந்த ஜிஎச்கே-சியு-வை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் திருப்பமே இதில்தான் இருக்கிறது.

சரி, வேலை செய்யுமா?

கொஞ்சம் செய்யும், அவ்வளவுதான். தோலின் மேல் அடுக்கு சாதாரண சுவர் இல்லை. 500 டால்டனுக்கு மேல் எடையுள்ள மூலக்கூறுகள் அதைத் தாண்டி உள்ளே போவது கடினம் என்பது 2000-ல் இருந்து தோல் மருத்துவத்தில் சொல்லப்படும் ஒரு விதி. ஜிஎச்கே-சியு சுமார் 400 டால்டன். மேட்ரிக்ஸில் 800 வாக்கில், ஆர்ஜிரெலின் 890-ஐ நெருங்கும். அதனால்தான் 'பால்மிட்டோயில்' என்ற கொழுப்பு வாலை ஒட்டி அனுப்புகிறார்கள். எண்ணெய்ப் பசையுள்ள தோல் அடுக்கில் நுழைய அது கொஞ்சம் உதவும். அப்படியும் உள்ளே போவது சிறிய அளவுதான்.

மேட்ரிக்ஸில் பற்றி 2005-ல் வெளியான ஒரு ஆய்வை அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். 93 பெண்கள், 12 வாரம். முகத்தின் ஒரு பாதியில் பெப்டைட் உள்ள மாய்ஸ்சரைசர், மறு பாதியில் பெப்டைட் இல்லாத அதே மாய்ஸ்சரைசர். எந்தப் பாதியில் எது என்று பெண்களுக்கும் தெரியாது, அளந்தவர்களுக்கும் தெரியாது. பெப்டைட் போட்ட பாதியில் மெல்லிய சுருக்கங்கள் குறைந்திருந்தன. வித்தியாசம் சின்னதுதான், ஆனால் இருந்தது. ஆய்வைச் செய்தவர்கள் அழகுசாதனப் பொருள் தயாரிக்கும் பெரிய நிறுவனம் ஒன்றின் விஞ்ஞானிகள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆர்ஜிரெலினுக்கு 2002-ல் வந்த பிரபலமான ஆய்வு இன்னும் சின்னது. பத்துப் பேர், 30 நாள்.

லேபிளில் இன்னொரு வித்தையும் உண்டு. '10% ஆர்ஜிரெலின்' என்று எழுதியிருந்தால் பாட்டிலில் 10% பெப்டைட் இருப்பதாக நினைக்க வேண்டாம். மூலப்பொருள் நிறுவனம் தரும் கரைசலை 10% சேர்த்திருக்கிறார்கள் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். அந்தக் கரைசலில் பெரும்பகுதி தண்ணீர்.

க்ரீமில் ஆபத்தே இல்லையா?

குறைவு. பெப்டைட் மேல் அடுக்கைத் தாண்டப் படும் பாடுதான் நமக்குப் பாதுகாப்பும். ரத்தத்தில் பெரிதாகக் கலக்காததால் உடலின் மற்ற பாகங்களில் விளைவு வர வாய்ப்பு மிகக் குறைவு. சிலருக்கு எரிச்சல், சிவப்பு, அரிப்பு வரலாம். அப்போதும் பல நேரங்களில் குற்றவாளி பெப்டைட் இல்லை, அதனுடன் சேர்த்திருக்கும் வாசனைப் பொருளோ கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனமோதான். புது சீரத்தை முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஓரிரு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குப் போவது நல்லது. காலையில் சன்ஸ்கிரீன் போடாமல் ராத்திரி விலை உயர்ந்த பெப்டைட் சீரம் போடுவது, ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிப்பது மாதிரி. தோல் முதுமைக்கு வெயில் செய்யும் சேதம் பெரியது.

க்ரீமுக்கும் ஊசிக்கும் நடுவில் ஒரு சாம்பல் பகுதி இருக்கிறது. டெர்மா ரோலர், மைக்ரோநீட்லிங். குட்டி ஊசிகளால் தோலில் ஆயிரக்கணக்கான துளை போட்டுவிட்டு உடனே மேலே சீரத்தைத் தடவுவார்கள். ஆன்லைனில் ரோலர் வாங்கி வீட்டிலேயே செய்பவர்களும் உண்டு. அந்த நொடியில் அது க்ரீம் இல்லை, கிட்டத்தட்ட ஊசி. தோலின் மேலே இருக்க வேண்டும் என்று தயாரித்த ஒரு பொருள், வாசனைப் பொருளோடும் மற்ற ரசாயனங்களோடும் தோலுக்குள்ளே போகிறது. 2014-ல் அமெரிக்காவின் தோல் மருத்துவ இதழ் ஒன்றில் 3 பெண்களின் கதை வெளியானது. மைக்ரோநீட்லிங் செய்து மேலே சீரம் தடவியபின் அவர்கள் முகத்தில் கட்டி கட்டியாக அழற்சி வந்திருந்தது. அது பெப்டைட் சீரம் இல்லை, வைட்டமின் சி சீரம். ஆனால் பாடம் ஒன்றுதான். பாட்டிலில் இருப்பது மாறவில்லை, போகும் வழிதான் மாறியது.

இப்போது ஊசிக்கு வருவோம்: 'இம்யூனிட்டி பெப்டைட்' என்றால் எது?

2020 கொரோனாவுக்குப் பிறகு 'இம்யூனிட்டி' என்பது விற்பனை வார்த்தையாகிவிட்டது. கபசுரக் குடிநீரில் தொடங்கி பிஸ்கட் வரை எல்லாவற்றிலும் அந்த வார்த்தையைப் பார்த்தோம். இப்போது பெப்டைட்டின் முறை.

இந்தக் கூட்டத்தில் உண்மையான மருத்துவ வரலாறு உள்ள ஒன்று, தைமோசின் ஆல்ஃபா-1. நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்ற சுரப்பி இருக்கிறது. கிருமிகளோடு சண்டை போடும் டி செல்களுக்கு அதுதான் பயிற்சிக் கூடம். சின்ன வயதில் பெரிதாக இருந்து, வயது ஏற ஏறச் சுருங்கிவிடும். அந்தச் சுரப்பியிலிருந்து அமெரிக்க விஞ்ஞானி ஆலன் கோல்ட்ஸ்டீன் குழு பிரித்தெடுத்த 28 அமினோ அமில பெப்டைட்தான் இது. செயற்கையாகத் தயாரிக்கப்பட்ட இதன் மருந்து வடிவம் தைமால்ஃபாசின். சீனா, இத்தாலி உட்படப் பல நாடுகளில் ஹெபடைடிஸ் பி போன்ற நோய்களுக்கு டாக்டர்கள் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் இதற்கு எஃப்டிஏ ஒப்புதல் இல்லை.

முறையான மருந்தாக, ஆஸ்பத்திரியில், டாக்டர் கண்காணிப்பில் கொடுத்தபோதே இது எவ்வளவு செய்தது? இதற்கு நல்ல பதில் 2025 ஜனவரியில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வில் கிடைக்கிறது. சீனாவின் 22 மருத்துவமனைகளில், செப்சிஸ் எனப்படும் கடுமையான ரத்தத் தொற்றுடன் இருந்த 1,106 பேர். பாதிப் பேருக்கு தைமோசின், மீதிப் பேருக்கு மருந்தில்லாத ஊசி. 28 நாளுக்குள் இறந்தவர்கள் தைமோசின் குழுவில் 23.4%, மற்ற குழுவில் 24.1%. அதாவது வித்தியாசம் இல்லை என்றே சொல்ல வேண்டும். பக்க விளைவிலும் பெரிய வித்தியாசம் வரவில்லை.

அந்த ஆய்வில் இது ஆபத்தானதாகத் தெரியவில்லை, ஆனால் உயிரையும் காப்பாற்றவில்லை. நோயாளிக்கே இந்த நிலை என்றால், 'சளி பிடிக்காம இருக்க' ஆரோக்கியமான ஒருவர் காசு கொடுத்து இதைப் போட்டுக்கொள்வதற்கு என்ன ஆதாரம்?

அடுத்த பிரபலம் பிபிசி-157. செய்தி நிறுவனத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வயிற்றுச் சாற்றில் உள்ள ஒரு புரதத்தின் துண்டு என்று சொல்லப்படும் 15 அமினோ அமில பெப்டைட். 'குடல் ஆறும், தசை நார் ஆறும், எதிர்ப்பு சக்தி கூடும்' என்று ஜிம் வட்டாரத்தில் இதற்கு ஏக மவுசு. ஆய்வுகள் நிறைய இருப்பது உண்மை, ஆனால் பெரும்பாலானவை எலிகள் மீது. மனிதர்கள் மீது நடந்தவை விரல் விட்டு எண்ணும் அளவு, அவையும் சின்னச் சின்ன ஆய்வுகள். உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை 2022-லிருந்து இதைத் தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. எந்த நாட்டிலும் மருந்தாக ஒப்புதல் பெறாத பொருள்களுக்கான பிரிவில்தான் இது இருக்கிறது. மாநில அளவில் ஓடுபவர், கபடி ஆடுபவர் யாராவது இதைப் போட்டுக்கொண்டு ஊக்கமருந்து சோதனையில் மாட்டினால், 'டிரெயினர் சொன்னார்' என்பது பதிலாகாது.

எதிர்ப்பு சக்தி கூடினால் நல்லதுதானே?

இல்லை. எல்லோருக்கும் இல்லை. பலரும் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடம் இது.

எதிர்ப்பு சக்தி என்பது ரேடியோ வால்யூம் மாதிரி ஒரே பட்டனில் கூட்டிக் குறைப்பது இல்லை. அதில் ஒரு பகுதி கிருமியை அடிக்கும், இன்னொரு பகுதி 'போதும், நிறுத்து' என்று சொல்லும். அந்த 'போதும்' சரியாக வேலை செய்யாதபோதுதான் லூபஸ், சொரியாசிஸ், ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் போன்ற ஆட்டோ இம்யூன் நோய்கள் வருகின்றன. எதிர்ப்பு சக்தி நம் உடலையே எதிரியாக நினைத்துத் தாக்கும். அந்த நோயாளிகளின் பிரச்சினை எதிர்ப்பு சக்தி குறைவாக இருப்பது இல்லை.

எல்எல்-37 நல்ல உதாரணம். நம் தோலே தயாரிக்கும் 37 அமினோ அமில பெப்டைட் இது, பாக்டீரியாவின் வெளிச்சுவரைத் துளைத்துக் கொல்லும். 'இயற்கை ஆன்டிபயாட்டிக்' என்று ஆன்லைனில் குப்பியில் விற்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 2007-ல் வெளியான இரண்டு முக்கிய ஆய்வுகள் வேறு பக்கத்தைக் காட்டின. முகம் சிவந்து பொரிப்பொரியாக வரும் ரோசேசியா உள்ளவர்களின் தோலில் இந்த பெப்டைட்டும் அதன் துண்டுகளும் அளவுக்கு மிஞ்சி இருந்தன. சொரியாசிஸ் உள்ளவர்களின் தோலில் இதே எல்எல்-37, உடலின் சொந்த டிஎன்ஏ-வோடு ஒட்டிக்கொண்டு எதிர்ப்பு சக்தியைத் தேவையில்லாமல் உசுப்பிவிடுவது தெரிந்தது. அழகுக்கும் எதிர்ப்பு சக்திக்கும் ஒரே ஊசி என்று கேட்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான எச்சரிக்கை கிடையாது. முகத்தைக் கெடுப்பதே சில சமயம் கூடிப்போன எதிர்ப்பு சக்திதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்தவர்களுக்குப் பல ஆண்டுகளாகக் கொடுக்கப்படும் சைக்ளோஸ்போரின், 11 அமினோ அமிலங்கள் வட்டமாகக் கோத்த பெப்டைட். அதன் வேலையே எதிர்ப்பு சக்தியைக் குறைப்பது. புதுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்க அது தேவை. அதாவது பெப்டைட் என்பதற்காகவே ஒன்று எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று இல்லை. உறுப்பு மாற்று செய்து இப்படிப்பட்ட மாத்திரை சாப்பிடும் ஒருவர், யாரோ சொன்னார்கள் என்று 'இம்யூனிட்டி ஷாட்' போட்டுக்கொண்டால் மாற்றிய உறுப்புக்கே ஆபத்து வரலாம்.

அந்தத் திருப்பம்: ஒரே பெப்டைட், இரண்டு தீர்ப்பு

நீல நிற ஜிஎச்கே-சியு நினைவிருக்கிறதா?

அமெரிக்காவில் டாக்டர் சீட்டுக்கு ஏற்ப மருந்தைத் தாங்களே கலந்து தயாரித்துக் கொடுக்கும் பார்மசிகள் உண்டு. அவர்கள் எந்த மூலப்பொருளைப் பயன்படுத்தலாம் என்பதை எஃப்டிஏ வகைப்படுத்துகிறது. 2023 செப்டம்பரில் பல பெப்டைட்களை 'குறிப்பிடத்தக்க பாதுகாப்பு ஆபத்து' என்ற பிரிவில் போட்டது. பிபிசி-157, எல்எல்-37, தைமோசின் ஆல்ஃபா-1 எல்லாம் அதில் வந்தன. அவற்றோடு ஜிஎச்கே-சியு-வும் வந்தது. ஆனால் அதன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு: ஊசியாகக் கொடுப்பதற்கு மட்டும். தோலில் தடவும் ஜிஎச்கே-சியு அந்த ஆபத்துப் பிரிவில் இல்லை.

அந்தப் பட்டியலில் பிறகு சில மாற்றங்கள் வந்தன, அமெரிக்க அரசியலிலும் இது விவாதமாகியிருக்கிறது. ஆனால் அன்று சொல்லப்பட்ட அறிவியல் காரணம் பட்டியலோடு மாறுவதில்லை. ஊசியாகப் போகும்போது பெப்டைட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகலாம். தயாரிப்பின்போது தப்பாகக் கோத்த துண்டுகள் கலந்திருக்கலாம். உடல் இவற்றை அந்நியப் பொருளாக நினைத்து எதிர்வினை காட்டலாம், லேசான தடிப்பிலிருந்து மூச்சுத் திணறல் வரை. ரத்தத்துக்குள் போனபின் 'கழுவி விட்டால் போச்சு' என்ற வசதி கிடையாது.

எனவே 'முகத்தில் போட்டு ஒண்ணும் ஆகல' என்ற அனுபவம் ஊசி விஷயத்தில் எதையும் நிரூபிப்பதில்லை. தோலின் மேல் அடுக்கு என்ற வாட்ச்மேன் தடுத்து நிறுத்தியதால்தான் ஒன்றும் ஆகவில்லை. ஊசி அந்த வாட்ச்மேனைச் சுற்றிக்கொண்டு போகிறது.

'99% தூய்மை' சான்றிதழ் காட்டுகிறார்களே?

ஆன்லைனில் விற்கும் குப்பிகளில் வெள்ளைப் பவுடர் இருக்கும். லேபிளில் சின்ன எழுத்தில் 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று போட்டிருப்பார்கள். அந்த ஒரு வரி விற்பவரைச் சட்டத்திலிருந்து காப்பாற்றப் போட்டது, வாங்குபவரைக் காப்பாற்ற இல்லை. கூடவே '99% தூய்மை' என்று ஒரு லேப் சான்றிதழ்.

அது உண்மையான சான்றிதழ் என்றே வைத்துக்கொள்வோம். அதில் சொல்வது, பவுடரில் உள்ள பெப்டைட் பொருளில் 99% சொன்ன பெப்டைட்தான் என்பதை. கிருமி இல்லாமல் தயாரிக்கப்பட்டதா என்பதை அது சொல்லாது. எண்டோடாக்சின் இருக்கிறதா என்பதையும் சொல்லாது. எண்டோடாக்சின் என்பது சில வகைப் பாக்டீரியாவின் வெளிச்சுவர்ப் பொருள். பாக்டீரியா செத்த பிறகும் இருக்கும், கொதிக்க வைத்தாலும் லேசில் போகாது. ரத்தத்தில் கலந்தால் குளிர் நடுக்கம், காய்ச்சல், ரத்த அழுத்தம் சரிவு வரை கொண்டுபோகும். தோலில் தடவும் க்ரீமிலோ வாயில் போடும் உணவிலோ கொஞ்சம் இருந்தால் பெரிதாகத் தெரியாது. ஊசியில் இருந்தால் தெரியும்.

இதற்கு நம் ஊருக்கு நெருக்கமான உதாரணம் குளுடாதயோன். ஆமாம், 'கலர் வர' என்று டிரிப்ஸில் ஏற்றுகிறார்களே, அதுவும் 3 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைட்தான். நம் உடலே தயாரிப்பது. 2019-ல் எஃப்டிஏ ஒரு எச்சரிக்கை விட்டது. சத்து மாத்திரைக்காகத் தயாரித்த குளுடாதயோன் பவுடரை ஊசி மருந்தாக மாற்றி ஏற்றியதில் நோயாளிகளுக்குக் குமட்டல், வாந்தி, உடம்பு வலி வந்தது. அந்தப் பவுடரில் எண்டோடாக்சின் அளவு அதிகமாக இருந்தது தெரியவந்தது. வாயில் சாப்பிடுவதற்கான தரம் வேறு, நரம்பில் ஏற்றுவதற்கான தரம் வேறு. அதே ஆண்டு பிலிப்பைன்ஸ் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் நிறத்துக்காக குளுடாதயோன் ஊசி போடுவது பாதுகாப்பற்றது என்று தன் மக்களை எச்சரித்தது.

2025 ஜூலையில் லாஸ் வேகாஸில் நீண்ட ஆயுள் பற்றிய ஒரு மாநாட்டில் பெப்டைட் ஊசி போட்டுக்கொண்ட 2 பெண்கள், வென்டிலேட்டர் வைக்கும் அளவுக்கு மோசமாகி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். நோய்க்காகப் போட்டுக்கொண்டவர்கள் இல்லை. நீண்ட நாள் ஆரோக்கியமாக இருக்க ஆசைப்பட்டு மாநாட்டுக்குப் போனவர்கள்.

கொலாஜன் பெப்டைட் பவுடர் எந்தப் பக்கம்?

இது மூன்றாவது வழி, வாய் வழி. மீன் அல்லது மாட்டின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் கொலாஜனை உடைத்துச் செய்வது. சைவம் சாப்பிடுபவர்கள் லேபிளைப் பார்த்துக்கொள்ளுங்கள். வயிற்றில் போனதும் பெரும்பகுதி அமினோ அமிலங்களாக உடைந்துவிடும், பருப்பு சாப்பிட்டாலும் முட்டை சாப்பிட்டாலும் நடப்பதுதான். பொதுவாக ஆபத்து குறைவு, மீன் அலர்ஜி உள்ளவர்கள் மட்டும் கவனம். பலன்? 2025-ல் 23 ஆய்வுகள், 1,474 பேரின் தகவலைச் சேர்த்துப் பார்த்த ஓர் அலசலில், எல்லா ஆய்வுகளையும் சேர்த்தால் தோலுக்கு நல்லது என்று வந்தது. மருந்து நிறுவனங்களின் பணம் வாங்காத ஆய்வுகளை மட்டும் பிரித்துப் பார்த்தபோது பலன் காணாமல் போய்விட்டது.

வாங்கும் முன் லேபிளில் எதைப் பார்க்கணும்?

இந்தியாவில் அழகுசாதனப் பொருள், மருந்து, உணவு மூன்றுக்கும் விதிகள் தனித்தனி. சீரமும் க்ரீமும் 2020-ம் ஆண்டின் அழகுசாதன விதிகளின் கீழ் வரும். உள்நாட்டுத் தயாரிப்பு என்றால் உற்பத்தி உரிம எண், காலாவதித் தேதி இருக்க வேண்டும். இறக்குமதி என்றால் பதிவு எண்ணும் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரியும் இருக்க வேண்டும். ஃபாரின் சீரம் என்று வாட்ஸ்அப் குரூப்பில் வாங்கும் பாட்டிலில் இந்த இரண்டும் பெரும்பாலும் இருக்காது, அதை வைத்தே பிடித்துவிடலாம். பவுடர் என்றால் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் வேண்டும்.

ஊசி என்றால் அது மருந்து. மருந்து என்றால் மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதல், குறிப்பிட்ட நோய், டாக்டரின் சீட்டு, பேட்ச் எண் எல்லாம் வேண்டும். கிளினிக்கில் யாராவது பெப்டைட் ஊசி போடலாம் என்று சொன்னால் குப்பியைக் கையில் வாங்கிப் பார்க்கக் கேளுங்கள். 'எந்த நோய்க்கு இதுக்கு இந்தியாவில் அனுமதி இருக்கு?' என்று கேளுங்கள். பெயரை போட்டோ எடுத்து உங்கள் குடும்ப டாக்டருக்கு அனுப்புங்கள். நேர்மையான இடத்தில் இந்தக் கேள்விகளுக்கு யாரும் கோபப்பட மாட்டார்கள்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள், ஆட்டோ இம்யூன் நோய் உள்ளவர்கள், உறுப்பு மாற்று செய்தவர்கள் இப்படிப்பட்ட ஊசிகளைச் சொந்த முடிவில் போட்டுக்கொள்ளவே கூடாது. சர்க்கரைக்கு இன்சுலினும், டாக்டர் எழுதிக் கொடுத்த வேறு பெப்டைட் மருந்தும் எடுப்பவர்கள் இந்தச் செய்தியைப் படித்துவிட்டு நிறுத்திவிடவும் கூடாது. அவை சோதித்து, ஒப்புதல் பெற்று, மருந்துத் தரத்தில் தயாரிக்கப்பட்டவை.

ஏற்கெனவே போட்டாச்சு, என்ன செய்வது?

ஊசி போட்ட சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ மூச்சு வாங்குவது, முகம் அல்லது நாக்கு வீங்குவது, உடம்பு முழுக்கத் தடிப்பு, தலைசுற்றி விழுவது, குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் 108-க்கு அழையுங்கள். போட்ட இடம் சிவந்து, சூடாகி, நாளுக்கு நாள் வலி கூடினால் தொற்றாக இருக்கலாம், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். என்ன போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், குப்பியைத் தூக்கிப் போடாமல் கையோடு எடுத்துப் போங்கள். சிகிச்சைக்கு அதுதான் முதல் துப்பு.

எந்த மருந்தால் வந்த பக்க விளைவாக இருந்தாலும், மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளிகளே நேரடியாகப் புகார் சொல்லலாம். டாக்டர் மூலமாகத்தான் சொல்ல வேண்டும் என்று இல்லை.